இரும்புத் தூள் கலந்த பட்டி

பழைய கிரேனுக்குப் பெயிண்ட் அடிப்பதில் பெயிண்ட் அடிப்பதுதான் கடைசி வேலை, சின்ன வேலையும் அதுதான். அதற்கு முன்னால் ஒரு வாரம் அழுக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். டீசல் அடித்துக் கிரீஸைக் கரைக்க வேண்டும், கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்க்க வேண்டும், உப்புத்தாள் போட வேண்டும், கண்ணாடிக்கெல்லாம் பேப்பர் ஒட்ட வேண்டும். நான் வேலை பார்க்கும் ஷெட் ஓசூரில், பாகலூர் ரோட்டுப் பக்கம். எல்லைக்கு அந்தப் புறமிருந்து எடைக்கு வரும் கன்னடப் பேப்பர்தான் ஒட்டுவோம். வருடக்கணக்காக ஒட்டுகிறேன், இன்னும் அதில் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. நான் தெற்கே சாத்தூர்ப் பக்கத்து ஆள்.

எனக்குத் திமிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கம்பெனிகள் கழித்துவிட்ட கிரேன்களை எங்கள் முதலாளி வாங்கிப் போடுவார், நான் அவற்றைப் புதுசாக்குவேன். பதினைந்து வயசான வண்டியை அஞ்சு வயசு மாதிரி நிறுத்திவிடுவேன். மார்கழிக் குளிரில் வெயில் ஏறாமல் ஸ்பிரே கன்னைத் தொட மாட்டேன். பனி ஈரத்தில் பெயிண்ட் வழிந்துவிடும். "இந்த ஆளுக்கு அவசரமே கிடையாதுய்யா" என்று முதலாளி கத்துவார். கத்தட்டும் என்று டீ குடித்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட நல்லவன்தான் நான்.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த அந்தக் கிரேனை டீசல் போட்டுக் கழுவித் துடைத்தேன். பூம் என்று நாங்கள் சொல்கிற அதன் நீண்ட கையில், அடிப்பக்கத்துத் தகட்டில், துடைத்த பிறகும் டீசல் கசிந்து ஒரு கோடு வந்தது. சாக்பீஸ் தூளைத் தூவினேன். ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பாகத் தெளிவாகத் தெரிந்தது. விரிசல். பாரம் முழுவதும் வந்து உட்காரும் இடம் அது. பெயிண்டர் நான், எனக்கே தெரியும் அங்கே விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"வெல்டிங் வச்சா தழும்பு தெரியும். கை ஒடிஞ்ச வண்டின்னு பேராயிடும்யா. பட்டி போட்டு மூடு."

அவர் சொன்னது அவ்வளவுதான். பட்டி என்பது தகட்டில் பள்ளம் இருந்தால் அடைக்கிற பசை. வாங்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, சட்டைப் பையில் காந்தம் வைத்திருப்பார்கள். பட்டி மேல் காந்தம் ஒட்டாது, குட்டு உடைந்துவிடும். முதலாளி அதை யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். கிரைண்டிங் மிஷினுக்கு அடியில் கிடந்த இரும்புத் தூளைக் கூட்டி அள்ளி, சலித்து, பட்டியில் குழைத்துப் போட்டேன். காய்ந்ததும் தேய்த்து, மேலே மஞ்சள் அடித்து, காந்தத்தை வைத்துப் பார்த்தேன். கப்பென்று ஒட்டியது. சிரித்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, கழுத்தில் கத்தி வைக்கவில்லை. கைவேலையைக் காட்டினேன், தூ.

அதை வாங்க வந்தவர் தளிப் பக்கத்துக்காரர், மனைவியையும் கூட்டி வந்திருந்தார். சிப்காட்டில் பத்துப் பதினைந்து வருடம் பிறத்தியார் கிரேனை ஓட்டியவர். சொந்தமாக வாங்கும் முதல் வண்டி. கீழே படுத்துப் பார்த்தார், இன்ஜினை ஓடவிட்டுச் சத்தம் கேட்டார், பூம் முழுக்கக் காந்தத்தை இழுத்துக்கொண்டே போனார். நான் மூடிய இடத்திலும் காந்தம் நின்றது. அவர் நகர்ந்துவிட்டார். எனக்கு அப்போது வந்தது பயம்கூட இல்லை, பரீட்சையில் பாஸானவனின் சந்தோஷம்.

வண்டி கிளம்பும் நாளில் எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள், முதல் பொட்டைப் பெயிண்டர்தான் வைக்க வேண்டும். வண்டியில் ஒரு இடம் விடாமல் தொட்டவன் அவன்தான் என்பது கணக்கு. அந்தப் பெண் குங்குமத் தட்டை என் முன்னால் நீட்டினார்.

"எங்க வைக்கட்டும்மா?" என்று கேட்டேன்.

பூமை இறக்கி வைத்திருந்தார்கள். அவர் கை போய் நின்றது நான் மூடிய இடத்தில்.

"இங்க வைங்கண்ணா. எனக்கு எட்டுற எடம், தெனமும் தொடச்சு நானே வச்சிடுவன்."

"தெனமும் வண்டி கூட வருவீங்களா?"

"ஆள் கெடைக்கற வரைக்கும் நான்தான் கயிறு புடிக்கணும்" என்று சிரித்தார். கணவரைக் காட்டி, "இவரு மேல உக்காந்துக்குவாரு, நான் பாரத்தைப் புடிச்சிக்கினு கூடவே நடப்பன். எனக்கு பயமெல்லாம் கெடையாதுண்ணா."

கிரேன் தூக்கிய பொருள் ஆடாமல் இருக்க, கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் கூடவே நடப்பார். பூம் ஒடிந்தால் முதலில் அவர் மேல்தான் விழும். அது எனக்குத் தெரியும். விரலில் குங்குமத்தை எடுத்தாயிற்று. முதலாளி எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "தங்கச்சி, இந்த வண்டி வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், போகட்டுமே, ஓசூரில் பெயிண்டருக்கா வேலை இல்லை? சொல்லவில்லை. பொட்டை வைத்தேன். நல்ல வட்டமாக வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னால் பொய். நன்றாகவே சாப்பிட்டேன். ரோட்டில் மஞ்சள் கிரேன் போனால் மட்டும் கயிறு பிடித்து நடப்பது ஆணா பெண்ணா என்று கண் தேடும். பெண் இல்லை என்றால் அப்பாடா என்றிருக்கும். நான்கு முறை அவர் கணவருக்குப் போன் போட ஷெட் பில் புத்தகத்திலிருந்து நம்பரை எடுத்தேன். நான்கு முறையும் ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தது.

ஒன்றரை மாதம் கழித்து அந்தக் கிரேன் ஷெட் வாசலில் வந்து நின்றது. இரண்டு பேரும் இறங்கினார்கள். அந்தப் பெண் முழுசாக இருக்கிறார், இரண்டு கையும் இரண்டு காலும் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். வெட்கக்கேடு, நிஜமாகவே எண்ணினேன்.

பூமின் அடியில் புதிதாக ஒரு கனத்த தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள்.

"பத்தாம் நாளு பொட்டுக்குக் கீழ துரு எறங்குதுண்ணா" என்றார் அவர். "தெனமும் ஈரத்துணியில தொடைக்கறனில்ல, பெயிண்ட்டு கொப்புளம் மாதிரி பொங்கிடுச்சு. நகத்துல சொரண்டினேன், பொலபொலன்னு கொட்டுது. உள்ள பாத்தா வெடிப்பு."

துருப் பிடித்தது என் இரும்புத் தூள். வெறும் பட்டியாக இருந்தால் இத்தனை சீக்கிரம் பொங்கியிருக்காது. என் திருட்டுத்தனம்தான் அவரைக் காப்பாற்றியது என்று இப்போதும் சில சமயம் மனசு சப்பைக்கட்டு கட்டும். செருப்பால் அடிக்க வேண்டும் அந்த மனசை. காப்பாற்றியது அவர் கையிலிருந்த ஈரத்துணி. அந்தப் பத்து நாளும் அவர் அதன் கீழேதான் நடந்திருக்கிறார்.

"பழைய கம்பெனிக்காரன் எப்பவோ அடைச்சு வச்சிருக்கான்" என்றார் கணவர். என்னைப் பார்க்காமல் வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த எடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சுக் குடுங்க."

அடித்தேன். என்னிடமேதான் வந்திருக்கிறார்கள், பாருங்கள். அந்த ஒரு முழ இடத்தை நாள் முழுக்கச் செய்தேன். வெயில் ஏறக் காத்திருந்தேன், துரு பிடிக்காமலிருக்க இரண்டு கோட்டு ரெட் ஆக்ஸைடு கொடுத்தேன், பட்டியை டப்பாவோடு தூர வைத்துவிட்டேன். வெல்டிங் தழும்பு மஞ்சளுக்குள் மேடாகத் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டேன்.

சாயங்காலம் அந்தப் பெண் பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தார்.

"நீங்களே வச்சிடுங்கண்ணா."

"நீயே வையேன்மா. என் கையெல்லாம் தின்னர்."

"பரவால்லண்ணா. நீங்க வச்ச பொட்டாலதான் நான் உசுரோட இருக்கறன்." சிமிழை நீட்டியவர் சட்டென்று நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கல்ல?"

கணவர் அப்போதும் வெல்டிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருப்பேன் தாயி" என்றேன்.

தழும்புக்குப் பக்கத்தில் பொட்டு வைத்தேன். வட்டம் கோணலாகிவிட்டது. விரிசல் மேல் வைத்தது நல்ல வட்டமாக வந்திருந்தது.