சட்டிக் கலப்பையில் கை கழுவினார்கள்

என் வீட்டுக்குப் பின்னால் எட்டுக் கலப்பைகள் இருந்தன. எல்லாம் டிராக்டரில் மாட்டி ஓட்டுகிற பழைய இரும்புக் கலப்பைகள். இப்போது ஏழுதான் முழுசாக நிற்கின்றன. எட்டாவதை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அந்தக் குமட்டலைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள், மெதுவாகத்தான் வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் வாடகை டிராக்டர் ஓட்டினார். மண்ணைக் கொத்திப் பொடியாக்குகிற ரோட்டவேட்டர் வந்த பிறகு சட்டிக் கலப்பையைக் கேட்பார் இல்லை. சட்டிக் கலப்பை என்றால், சோறு வடிக்கிற சட்டி மாதிரி குழிவான பெரிய இரும்புத் தட்டுகள் சாய்வாக மாட்டியிருக்கும். அவை உருண்டுகொண்டே மண்ணை வெட்டிப் புரட்டிப் போடும். எங்களிடம் இருந்தது மூன்று சட்டி வைத்தது. கோடையில் இறுகிப்போன நிலத்தில் சட்டி கடிக்காது, மேலே பாரம் வேண்டும். மற்றவர்கள் கல்லைக் கட்டுவார்கள். எங்கள் வீட்டில் கல்லுக்குப் பதில் நான். கல்யாணமான புதிதில் சட்டிகளை மாட்டியிருக்கிற இரும்புச் சட்டத்தின் மேல் ஏறிக் குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவேன். விழுந்தால் சட்டிக்கு அடியில்தான். விழவில்லை.

அவர் போன பிறகு டிராக்டரை விற்றோம், கலப்பையை நான் விற்கவில்லை. அப்படியே மற்றதும் வந்து சேர்ந்தது. கண்டமங்கலத்தில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அடுத்த வீட்டுப் பின்புறத்தில் ஒரு இறக்கைக் கலப்பையைப் பார்த்தேன். மண்ணை ஒரே பக்கமாகச் சாய்க்கிற வகை, இப்போது கண்ணால் பார்ப்பதே அரிது. அந்த வீட்டு ஆண்கள் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வந்து இறங்கியதும் அதன் மேல்தான் ஒன்றுக்குப் போவார்களாம். நாற்றம் தெரு வரைக்கும் வந்தது. இரும்பு உப்பிப் போய் உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு மூட்டை மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொடுத்து அதை வாங்கி வந்தேன். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மூத்திரத்துல ஊறின இரும்புக்கு ஒரு மூட்டை மல்லாட்டையா? ஏண்டி, உனுக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது?"

"மூத்திரம் பேஞ்சவங்க தான்க்கா பைத்தியம். சோறு போட்ட பொருளு இது."

திருவெண்ணெய்நல்லூரில் கரும்புக்காரர் வீட்டில் மண்ணைக் கீறுகிற ஒன்பது இரும்புக் கொத்து வைத்த கலப்பை ஒன்று பன்றிக் கொட்டகைக்குத் தடுப்பாகக் கிடந்தது. கொத்தின் நுனி எல்லாம் பன்றிப் பீ. அதையும் கொண்டுவந்தேன். ஊரில் என்னை ஏளனம் செய்யாத வாய் இல்லை. "ஆயா, எங்க ஊட்டு ஓட்டை பக்கெட்டு ஒண்ணு இருக்குது, எடுத்துக்கிறியா?" என்பார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

கொண்டுவந்தால் போதாது, வைத்துக் காப்பாற்ற வேண்டும். இரும்பு மண்ணில் படக் கூடாது. பனங்கட்டையை இரண்டு பக்கமும் போட்டு அதன் மேல் நிற்க வைப்பேன். மழை தொடங்குவதற்கு முன்னால் டிராக்டரில் மாற்றிய கழிவு ஆயிலை வாங்கிவந்து, பழைய புடவைத் துணியில் தோய்த்து, மண்ணைத் தொடுகிற பாகம் முழுக்கப் பூசுவேன். அந்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்கவே கூடாது. மண் தேய்த்துத் தேய்த்து அது கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அந்தப் பளபளப்பு எத்தனையோ பேர் நிலத்தில் வாங்கியது. அதன் மேல் பெயின்டைப் பூசுகிறவனுக்குக் கலப்பை என்றால் என்னவென்றே தெரியாது.

என் மகன் விழுப்புரத்தில் ஒரு லாரி ஆபீசில் இருக்கிறான். நல்லவன்தான். ஆனால் இந்த இரும்பைக் கண்டால் அவனுக்கு ஆகாது. போன வருஷம் ஒருநாள் நேருக்கு நேராகக் கேட்டுவிட்டான்.

"எம்மா, உனுக்கப்புறம் இத்த யாரு பார்ப்பா? எனக்கு ஆயில் பூசவும் தெரியாது, நேரமும் கிடையாது. உன்ன எடுத்த மறுநாளே இரும்புக் கடைக்காரன் வந்து நிப்பான். சொல்லு, என்னா பண்றது?"

அவன் கேட்டதில் தப்பு இல்லை. எனக்கு வயதாகிவிட்டது, குனிந்தால் நிமிர முடியவில்லை. என் கண் மூடுவதற்குள் இந்த எட்டுக்கும் ஒரு நல்ல இடம் பார்த்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு வேறு கவலையே இல்லாமல் போயிற்று. ராத்திரி படுத்தாலும் அதே நினைப்பு.

அப்போதுதான் அவன் ஒரு ஓட்டல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் மெயின் ரோட்டில் பெரிய ஓட்டல் கட்டுகிறார், கிராமத்துச் சாப்பாடு என்று பேர் வைத்து. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையக் குங்குமம், மரியாதையான பேச்சு. எட்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அம்மா, எட்டையும் எங்கிட்டக் குடுத்துடுங்க. சாமி மாதிரி வச்சிக்கிறேன். காரு நிறுத்தி இறங்குறவங்க எல்லாம் கும்புட்டுக்கினு உள்ள வரணும்."

எட்டையும் உடனே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "மொதல்ல ஒண்ண எடுத்துக்கினு போங்க. எப்படி வச்சிக்கிறீங்கன்னு வந்து பார்க்குறேன். பார்த்துட்டு மீதி ஏழையும் அனுப்புறேன்" என்றேன். அவரும் சரி என்றார்.

எதைக் கொடுப்பது? உதிர்ந்துபோனதில் ஒன்றைக் கொடுத்திருக்கலாம். மகனும் அதைத்தான் சொன்னான். என் வீட்டிலிருந்து முதலில் வெளியே போகிற பொருள் குறைப்பட்டதாக இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீறாப்பு. நாலு பேர் பார்க்கிற இடம், நல்லதாகத்தான் போக வேண்டும் என்று வீட்டுக்காரர் ஓட்டிய மூன்று சட்டிக் கலப்பையையே கொடுத்தேன். ஆயிலைத் துடைத்து, சட்டத்தின் மேல் சிலுவை போட்டு வண்டியில் ஏற்றினேன். மகன் தலையில் அடித்துக்கொண்டான். "இருக்குறதுலயே நல்லத தூக்கிக் குடுக்குற ஒரே ஆளு நீ தாம்மா."

ஓட்டல் திறந்து மழைக்காலமும் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்ததும் மகனுடைய வண்டியில் உட்கார்ந்து போனேன்.

வாசலிலேயே சிமென்ட் மேடை கட்டி நிற்க வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கிட்டே போனதும்தான் தெரிந்தது. சட்டம் முழுக்கத் தங்கக் கலர் பெயின்ட். சந்தனம், குங்குமம், பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். எல்லாம் இருந்தது. சட்டி மூன்றும் இல்லை. கையை வெட்டிவிட்டு உடம்பை மட்டும் நிற்க வைத்த மாதிரி இருந்தது.

ஓட்டல்காரர் ஓடிவந்தார். "வாங்கம்மா வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருந்தேன்."

"சட்டி எங்கங்க?"

"உள்ள இருக்குதும்மா. வந்து பாருங்க, அசந்துடுவீங்க."

மேசைகளுக்கு நடுவில் கூட்டிக்கொண்டு போனார். கறிக்குழம்பு வாசம், எச்சில் இலை வாசம். சமையல்கட்டைத் தாண்டி ஒரு சுவர். சுவரில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கை கழுவும் இடம். அதன் கீழே வரிசையாக என் சட்டிகள், மூன்றும்.

மல்லாக்கப் படுக்க வைத்து, சுவரோடு பதித்து, தங்கக் கலர் அடித்திருந்தார்கள். நடுவில்தான் ஏற்கெனவே துளை இருக்கிறதே, அதற்கு அடியில் பிளாஸ்டிக் குழாயைச் சொருகிவிட்டார்கள். மேலே தண்ணீர்க் குழாய். முதல் சட்டிக்கு முன்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, தலையை அண்ணாந்து, தொண்டையில் கடகடவென்று உருட்டி, குனிந்து துப்பினான். பிறகு விரலை உள்ளே விட்டு நாக்கை வழித்தான். காறினான். அதையும் துப்பினான். பக்கத்துச் சட்டியில் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் துளையை அடைத்துக்கொண்டு, மஞ்சள் தண்ணீர் தேங்கி நின்றது. மூன்றாவதில் யாரோ வெற்றிலைச் சாறு துப்பியிருந்தார்கள். அது வழிந்து காய்ந்திருந்தது.

கண்டமங்கலத்து மூத்திரத்தையும் திருவெண்ணெய்நல்லூர்ப் பன்றிப் பீயையும் நான் கையால் வழித்துப் போட்டவள். அப்போதெல்லாம் எனக்கு இப்படிப் புரட்டவில்லை. அவர்கள் வேண்டாம் என்று எறிந்துவிட்டார்கள், அதில் அசிங்கம் சேர்ந்தது. இங்கே செலவு செய்து, ஆள் வைத்து, யோசனை பண்ணி அசிங்கம் செய்திருக்கிறார்கள்.

"எப்படிம்மா இருக்குது?" என்றார் ஓட்டல்காரர். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "வர்றவங்க எல்லாம் இங்க நின்னு செல்பி எடுத்துக்கினு தான் போறாங்க. மீதி ஏழு வந்துதுன்னா மேல் மாடிக்கும் இதே மாதிரி பண்ணிடலாம்."

"சாமி மாதிரி வச்சிக்கிறேன்னு சொன்னீங்க."

"வாசல்ல சாமி மாதிரித்தானேம்மா வச்சிருக்கேன்? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுறோம்."

"உடம்புக்குக் கற்பூரம் காட்டுறீங்க, வாயில காறித் துப்புறீங்க."

"கை கழுவுற எடந்தானேம்மா, சுத்தமான எடந்தானே. உங்களுக்கு மனசு சங்கடமா இருந்தா, துப்பக் கூடாதுன்னு ஒரு போர்டு மாட்டிடறேன்."

"கை கழுவுற எடத்துல துப்பாம, உங்க கல்லாப்பெட்டியிலயா துப்புவான்?"

நாக்கை வழித்துக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவன் வாயோரத்தில் நுரை. மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். "எம்மா, சும்மா இரும்மா. எல்லாரும் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும். சட்டியக் கழட்டச் சொல்லு. நான் எடுத்துக்கினு போறேன்."

ஓட்டல்காரர் சண்டைக்கு வரவில்லை. அது வேறு எனக்கு எரிச்சல். ஆளைக் கூப்பிட்டு ஓரச் சட்டியை அங்கேயே கழற்றச் சொன்னார். கழற்றியதும் அடியிலிருந்த பச்சைப் பாசியும் கொழுப்பும் சொட்டியது. அந்த ஆள் அதை அப்படியே என் முன்னால் நீட்டினான்.

"புடிச்சிக்கோங்க ஆயா."

என் கை நீளவில்லை. நீட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சட்டத்தில் குந்திக்கொண்டு போகும்போது என் காலுக்குக் கீழே மண்ணை வாரி வாரிப் போட்ட சட்டி அது. அடித்த பெயின்டுக்குள் அது இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வெற்றிலைச் சாற்றைத் தாண்டி என் கை போகவில்லை. அருவருப்பு என்னை ஜெயித்துவிட்டது.

"வேணாம். நீங்களே வச்சிக்கோங்க. வாசல்ல இருக்குறத மட்டும் அனுப்பி வைங்க" என்றேன்.

"சாப்புட்டுப் போங்கம்மா. கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு."

"உங்க ஊட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். மகன் வண்டியைக் கிளப்பாமல் நின்றான்.

"வாக்குக் குடுத்துட்டேம்மா அவருக்கு. மீதி ஏழுக்கும் என்னா சொல்றது?"

"வராதுன்னு சொல்லு."

"அப்ப உனுக்கப்புறம்? இரும்புக் கடையா? இத்தன வருஷம் ஆயில் பூசிப் பூசிக் காப்பாத்தினது அதுக்குத்தானா?"

"ஆமாண்டா, இரும்புக் கடைதான். அவன் எடுத்துக்கினு போயி உருக்கிடுவான். உருக்கினதுல எவனும் துப்ப முடியாது."

"நெசமாத்தான் சொல்றியா?"

"என் வாயில பொய் வந்திருக்குதா?"

அவன் வண்டியைக் கிளப்பினான். வீடு வந்து சேர்ந்தோம். இறங்கும்போது, "கோவத்துல சொல்ற, பேஜாரு பண்ணாத" என்றான்.

கோபத்தில் சொல்லவில்லை. அந்த வாரமே இரும்புக் கடைக்காரனை வரவழைத்து ஏழையும் காட்டினேன். நான் இருக்கும் வரை கை வைக்கக் கூடாது, என்னை எடுத்த பிறகு என் மகன் எதிரிலேயே லாரியில் ஏற்றிவிட வேண்டும், முழுசாக யாருக்கும் விற்கக் கூடாது, உருக்கத்தான் வேண்டும் என்று சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "இப்படி ஒரு பார்ட்டிய நான் பார்த்ததே இல்ல ஆயா" என்றான். மாதா படத்துக்கு முன்னால் நிற்க வைத்து வாக்கு வாங்கிக்கொண்டேன். நல்ல இடம் பார்க்க வேண்டும் என்று படுத்தாலும் எழுந்தாலும் உறுத்திக்கொண்டிருந்தது அன்றோடு நின்றது.

வாசலில் இருந்த சட்டத்தை ஓட்டல்காரர் சொன்னபடி அனுப்பிவிட்டார். சட்டி இல்லாமல் மொட்டையாகப் பின்புறத்தில் நிற்கிறது. மற்ற ஏழோடு சேர்க்காமல் தள்ளி வைத்திருக்கிறேன். மண்ணெண்ணெயில் தேங்காய் நாரை முக்கித் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கப் பெயின்டைச் சுரண்டுகிறேன். லேசில் விட மாட்டேன் என்கிறது. மருமகள் சோப்பு கொடுத்தாள், சாம்பல் கொடுத்தாள், எதிலும் கை சுத்தமாகவில்லை. அந்தத் தங்கம் நகக்கண்ணில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சோற்றைப் பிசையும்போது அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. நேற்றும் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.