பஸ் வருது, ஓரமாப் போ

எங்கள் மகள் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனபோது, பெங்களூரில் இருந்த தன் சாமான்களில் பாதியைத் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பி வைத்தாள். அந்த மீதியில் ரோடு பைக் என்கிற பந்தயச் சைக்கிள் ஒன்றும் இருந்தது. அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் என் கணவர் அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். விரல் தடிமனில் டயர். ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, மணி இல்லை.

"ஏளா, பாதிச் சாமான் வரல போலிருக்கே" என்றார்.

"இது இவ்வளவுதான் அத்தான்."

அவர் நம்பவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். காலம் முழுக்கத் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைக் காட்டினாலும் அதில் என்ன குறைகிறது என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

விற்றுவிடலாம் என்று அவர் சொன்னார். ஓட்டிப் பார்க்கிறேன் என்று நான் சொன்னேன். வங்கி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து என் முதுகு பலகையாகிக் கொண்டிருந்தது. கல்லூரி நாட்களில் சைக்கிளில் போய் வந்தவள்தானே, எல்லாம் உடம்புக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். ஞாபகம் இருந்தது. ஆனால் அது வேறு சைக்கிள். நிமிர்ந்து உட்கார்ந்து, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் வருகிறவளிடம் கதை பேசிக்கொண்டே போகிற சைக்கிள். இதில் தொலைந்த கம்மலைத் தேடுகிறவள் மாதிரி குனிந்து போக வேண்டும். குனிந்த நிலையில் வலது பக்கம் தலையைத் திருப்பினால் கழுத்தோடு தோளும், தோளோடு கையும், கையோடு சைக்கிளும் திரும்பி நடு ரோட்டுக்குப் போய்விடும். எதைத் தவிர்க்கத் திரும்பிப் பார்த்தேனோ அதற்கு எதிரிலேயே போய் நிற்பேன்.

"நீ முன்னால பாத்து ஓட்டு. பின்னால நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, கணவர் தன்னுடைய பழைய கறுப்புச் சைக்கிளைத் துடைத்து எடுத்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மேலப்பாளையம் வழியாக, முன்னீர்பள்ளம் தாண்டி, பத்தமடைப் பக்கம் போவது வழக்கமாயிற்று. நான் முன்னால், அவர் பின்னால். பின்னால் வரும் எல்லா வாகனத்தையும் அவர் எனக்கு அறிவிப்பார்.

"பஸ் வருது, ஓரமாப் போ!"

"லோடு ஆட்டோ! வைக்கோலு! பைய, பைய!"

"பைக்கு. ரெண்டு பேரு. ஹெல்மெட் போடல!"

ஹெல்மெட் போடாதது எனக்கு எதற்கு என்று கேட்டால், "தகவல்தான" என்பார்.

நாங்கள் ஓட்டத் தொடங்கியது காற்றுக் காலம். மேற்கே மலையிலிருந்து இறங்குகிற காற்று முகத்தில் அறையும். நான் அதற்குள் தலையைக் கொடுத்துப் போவேன். பின்னால் அவர் கத்துவதெல்லாம் எனக்கு வராமல் மேலப்பாளையத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லாததால் அவர் இன்னும் பலமாகக் கத்துவார். திரும்பி வரும்போது காற்று முதுகுப் பக்கம். ஆனால் போகும்போது ஏற்றிய தொண்டையை அவர் இறக்க மறந்திருப்பார். அந்தச் சத்தம் காதுக்குள் வந்து விழும்போது பஸ்ஸே மோதினால்கூட இவ்வளவு திடுக்கிட மாட்டேன் என்று தோன்றும்.

தருவை ஊரை நெருங்கும்போது ஒரு காலையில் அது நடந்தது. "பஸ்சு! பஸ்சு! பஸ்சு!" என்று மூன்று முறை கத்தினார். எப்போதும் ஒரு முறைதான். மூன்று என்றால் பஸ் என் முதுகிலேயே இருக்கிறது என்று எண்ணி, இடது பக்கம் ஒடித்தேன். ரோட்டை விட்டு இறங்கி, வரப்பில் ஒரு குலுங்கு குலுங்கி, சைக்கிளோடு வயலுக்குள் போய் உட்கார்ந்தேன். இடுப்பு வரை சேறு. நிமிர்ந்து பார்த்தால் பஸ் எதிர்த் திசையிலிருந்து வந்து, அமைதியாக என்னைத் தாண்டிப் போயிற்று.

நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி, "என்ன தாயி, நாத்து நடவா வந்திய? வாரதுதான் வாரிய, செருப்பைக் கழட்டிட்டு எறங்கியிருக்கலாம்லா?" என்றாள். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழும்பிவிட்டன.

கணவர் வரப்பில் நின்றபடி கையை நீட்டினார்.

"பஸ் எதுத்தாப்லல்லா வந்துது?" என்றேன்.

"ஆமா. பின்னாலன்னு நான் சொல்லவே இல்லையே."

அவர் கையைப் பிடிக்காமல் நானே ஏறி வந்தேன். வீட்டில் குளித்துவிட்டு வந்து ஒன்றே ஒன்று சொன்னேன்.

"சைக்கிளுக்குக் கண்ணாடி வாங்கப் போறேன்."

"அப்ப நான் என்னத்துக்கு இருக்கேன்?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லியிருந்தால் அன்று சாப்பாடு நடந்திருக்காது. "உங்களுக்கும் தொண்டை வலிக்கும்லா" என்றேன்.

மேலப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடை. அதன் உரிமையாளர் துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கடைக் கூரையில் விதவிதமான கண்ணாடிகள் தொங்கின. வட்டம், சதுரம், இலை வடிவம், ஓரத்தில் குஞ்சம் கட்டியது. பாய் ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்து என் ஹேண்டில்பாரில் மாட்டப் பார்த்தார். நாடா சுற்றிய குழாய் தடிமனாக இருந்ததால் கிளாம்பு கடிக்கவில்லை. வேறு இடத்தில் எப்படியோ முறுக்கி நிறுத்தினார். நான் ஏறிக் குனிந்தேன்.

"பின்னால தெரியுதாக்கா?"

"என் நாடி தெரியுது பாய்."

"நாடியக் கொஞ்சம் தூக்குங்க."

முகவாயைத் தூக்கினேன். மூக்குத்தி தெரிந்தது.

பாய் யோசித்தார். "துபாய்ல வெள்ளைக்காரங்க இந்த மாதிரி வண்டிதான் ஓட்டுவாவ. ஒருத்தரும் கண்ணாடி வச்சு நான் பாத்ததில்ல."

"அப்பம் பின்னால எப்படிப் பாப்பாவ?"

"அங்க பின்னால நம்ம பஸ் வராதுல்லாக்கா!"

என் கணவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, இதுக்குக் கண்ணாடி ஒத்துவராது" என்று பாயின் கையைப் பிடித்துக் குலுக்காத குறை.

இரவு மகளை அழைத்தேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சொன்னாள். ஹெல்மெட்டில் ஒட்டிக்கொள்கிற சின்னக் கண்ணாடி உண்டு. ஹேண்டில்பாரின் நுனியில் செருகுகிற கண்ணாடியும் உண்டு. எது ஒத்துவரும் என்பது ஓட்டுகிறவரைப் பொறுத்தது. நான் முதலில் ஹெல்மெட் கண்ணாடியை வரவழைத்தேன். பல் டாக்டர் வாய்க்குள் விடுவாரே, அந்த அளவு. அதை ஹெல்மெட்டில் ஒட்டிப் போட்டுக்கொண்டேன். அதில் என் காது மிக நன்றாகத் தெரிந்தது. கம்பியைத் திருக்கியபின் பக்கத்து வீட்டு மாடி தெரிந்தது. இன்னும் திருக்கி ரோட்டைப் பிடித்துவிட்டேன். ஆனால் என் தலை அசையும்போதெல்லாம் ரோடும் அசைந்தது. ஒரு கண் முன்னால், ஒரு கண் பின்னால் என்று தெருமுனைக்குப் போவதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. சிலர் அதையே வைத்து எத்தனையோ தூரம் போகிறார்களாம். எனக்கு வெள்ளரிக்காய் நறுக்கும்போதே பக்கத்தில் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

அடுத்து வந்தது ஹேண்டில் நுனிக் கண்ணாடி. ஹேண்டில்பாரின் முனையில் ஒரு மூடி இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடியின் காம்பைக் குழாய்க்குள் செருகி, எல் கீ என்கிற வளைந்த சாவியால் முறுக்கினால் உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும். நம் ரோட்டில் முந்துகிற வண்டி வலப்பக்கமாக வரும் என்பதால் வலது முனையில் மாட்டினேன். கண்ணாடி புடைப்பாக இருந்ததால் ரோடு முழுக்க அதற்குள் அடங்கிற்று. ஆனால் எல்லாம் சின்னதாகத் தெரிந்தது. எவ்வளவு சின்னது என்று பார்க்க, கணவரைத் தெருவின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"தெரியுதேனா?"

"தெரியுதிய."

"எத்தாம் பெருசா தெரியுதேன்?"

"வெண்டைக்கா அளவு."

அவர் நடந்து வந்தார். வெண்டைக்காய் கத்தரிக்காயாகி, கத்தரிக்காய் திடீரென்று என் கணவராகிப் பக்கத்தில் நின்றது. அப்போதுதான் புரிந்தது, இந்தக் கண்ணாடியில் தூரத்தில் இருப்பதாகத் தெரிகிற பஸ் உண்மையில் தூரத்தில் இல்லை என்று. அதைப் பழகிக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. இன்னொன்றையும் பழக வேண்டியிருந்தது. சைக்கிள் இப்போது வலப்பக்கம் அகலமாகிவிட்டது. கேட்டைத் தாண்டும்போதெல்லாம் கண்ணாடி தூணில் இடித்துத் திரும்பிக்கொண்டது. கிளம்பியதும் பார்த்தால் வானம் தெரியும்.

கண்ணாடியோடு வெளியே போகும் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு நிபந்தனை போட்டேன். இனிப் பின்னாலிருந்து சத்தமே வரக் கூடாது. அவர் வாயை மூடித் தலையாட்டினார். அந்த நிமிடத்திலிருந்தே விரதத்தை ஆரம்பித்துவிட்டார்.

மேலப்பாளையம் தாண்டி, வீடுகள் குறைந்து, இரண்டு பக்கமும் வாழை வந்தது. காற்றைத் தவிர வேறு சத்தமில்லை. எவ்வளவு நாளாயிற்று இப்படிக் காதுக்கு நிம்மதியாக என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தேன்.

கணவர் தெரிந்தார். எனக்கு நேர் பின்னால் வருவார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் அங்கே இல்லை. எனக்கு நன்றாக வலப்பக்கம் தள்ளி, கிட்டத்தட்ட ரோட்டின் நடுவில் வந்துகொண்டிருந்தார். வாய் அசைந்துகொண்டே இருந்தது. பஸ் வருது, ஓரமாப் போ. சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நிஜமாகவே பாபநாசம் பஸ் வந்தது. அவர் திரும்பிப் பார்த்து, வலது கையை முழு நீளத்துக்கு நீட்டி, போக்குவரத்துக் காவலர் மாதிரி அந்தப் பஸ்ஸை விலகிப் போகச் சொன்னார். ஓட்டுநர் ஹாரனை அமுக்கினார். இவர் கையை இறக்கவில்லை. பஸ் அவரைச் சுற்றிப் பெரிதாக விலகியதால், என்னைத் தாண்டும்போது ஒரு மாட்டு வண்டி போகிற இடம் நடுவில் இருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "வீட்ல சொல்லிட்டு வந்தியா, பெருசு!" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனார். இவர் பதிலுக்கு ஒரு முஷ்டியைக் காட்டினார். இவர் செய்ததெல்லாம் ஊமைப் படமாக என் ஹேண்டில் நுனியில் நடந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே பார்த்தால் அடுத்தது ஒரு மணல் லாரி. அவர் முஷ்டியை இறக்காமல், தாண்டிப் போன பஸ்ஸையே முறைத்துக்கொண்டிருந்தார். லாரியைப் பார்க்கவில்லை.

"அத்தான்! லாரி! ஓரமா வாங்க, ஓரமா!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அவர் பதறி இடது பக்கம் ஒடித்தார். லாரி காற்றைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. ஒரு வேப்பமரத்தடியில் இருவரும் நிறுத்தினோம்.

"என்ன காரியம் செய்யுதிய நீங்க?"

"நான் அங்கன வந்தாத்தான் அவன் விலகிப் போவான். இல்லன்னா உன்னை ஒரசிட்டுல்லா போவான்."

"உங்கள ஒரசுனா?"

அவர் அதை யோசித்ததாகவே தெரியவில்லை. கேரியரில் கட்டியிருந்த தண்ணீர்ப் பாட்டிலை அவிழ்த்து, மூடியைத் திறந்து, "குடி. முகம் வெளுத்துக் கெடக்கு" என்று என்னிடம் நீட்டினார்.

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக அப்படித்தான் வந்திருக்கிறார். நான் காதை மட்டும் நொந்துகொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் எங்கள் இருவருக்கும் அந்த மாதிரிப் பேச்சு வராது. தண்ணீரைக் குடித்தேன். "திரும்பிப் போகையில பாய் கடைக்குப் போறோம்" என்றேன்.

பாய் கடையில் அவருக்குக் கண்ணாடி தேர்ந்தெடுக்க, நான் என்னுடையதற்கு எடுத்ததைவிட அதிக நேரமாயிற்று. சதுரத்தில் மூலை மங்கல் என்றார். இலை வடிவம் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்றார். கடைசியில் வட்டத்துக்கு வந்தார். அவருடைய கறுப்புச் சைக்கிளின் ஹேண்டிலில் அது முதல் திருகிலேயே நின்றுவிட்டது. ஏறிப் பார்த்து, மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"பின்னால பாக்கதுக்கு அத்தான்."

"அதுவும் தெரியுதுளா."

இப்போது அவர் என் பின்னால் ஓரமாகத்தான் வருகிறார். எச்சரிக்கை நின்றுவிட்டது. அந்த இடத்தில் செய்தி வருகிறது. பின்னால் வருகிற ஸ்கூட்டரில் ஆட்டுக்குட்டி உட்கார்ந்திருக்கிறது என்பார். அந்தக் கல்யாண வேனில் மாப்பிள்ளை தூங்குகிறார் என்பார். நானும் என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தூங்கவில்லை, குனிந்து போன் பார்க்கிறார் என்று திருத்துவேன். ஒரே வேனைப் பற்றி இருவரும் ஒரு கிலோமீட்டர் வரை சண்டை போட முடிகிறது.

போன வாரம் பத்தமடை தாண்டி ஒரு வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. நான் இறங்கி, ஸ்டாண்டு இல்லாததால் சைக்கிளைப் புல்லில் சாய்த்துப் படுக்கவைத்தேன். கணவர் வாத்துக்காரரிடம் இத்தனையையும் எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று விசாரிக்கப் போய்விட்டார். கூட்டத்திலிருந்து ஒரு வாத்து விலகி வந்து, என் கண்ணாடியைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு கொத்து கொத்தியது. திரும்பிப் பின்பக்கம் போய்த் தேடியது. மறுபடி முன்னால் வந்தது. வாத்துக்காரர் கம்பை ஆட்டிக் கூப்பிட்டும் அது நகரவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கொறையுது பாருங்க, அங்கன நிக்கி" என்று கணவர் அவரிடம் உற்சாகமாகக் கை காட்டினார்.

வாத்துக்காரர் வந்து அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். நான் கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்து, மறுபடி ரோட்டுக்குத் திருப்பிவிட்டு ஏறினேன். சேரன்மகாதேவியில் சூடாக ஆப்பம் கிடைக்கும் என்று பின்னாலிருந்து செய்தி வந்தது. காற்று அன்று குறைவாகத்தான் இருந்தது.