சலீம் நானா எனக்கு விற்ற பெக்கோ

சலீம் நானாவின் பெயர் போனில் விழுந்ததும், மறுமுனையில் யார் என்று கேளாமலே, "நானா, மெஷின் இப்ப நல்லா வேலை செய்யுது" என்றேன். பதிலுக்கு ஒரு பெண்குரல், "அக்கா, நான் அவர்ட மகள். வாப்பா மௌத்தாப் போயிட்டார். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கியாச்சு" என்றது. உயிலங்குளத்தில் எங்கள் வயல் வரம்பில் நின்றேன். அவர் திருத்தித் தந்த பெக்கோ, அந்த மண்வெட்டும் மெஷின், என் கண்ணெதிரே மண் அள்ளிக்கொண்டிருந்தது.

சிலாவத்துறையில் அவரோடு வாழ்ந்த ஊரவர்களே, உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியது குறைவு. யுத்தத்தில் துரத்தப்பட்டுப் போயிருந்த நீங்கள் புத்தளத்திலிருந்து திரும்பி வந்தபோது, காடு மூடிக் கிடந்த உங்கள் வளவுகளை வெளியாக்கியது அவருடைய பெக்கோ. பின்னாளில் அதை அவரிடம் வாங்கியவள் நான். அந்த மெஷினால் மட்டுமே அவரை அறிந்தேன். எனவே அதைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும்.

குவைத்தில் வீட்டுவேலை செய்து திரும்பியவள், அந்தச் சேமிப்பில் ஒரு பழைய பெக்கோ வாங்கப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை, அவனுக்கு அதை ஓட்டத் தெரியும். அவனையும் கூட்டிக்கொண்டு நல்ல வெயிலில் சிலாவத்துறைக்குப் போனேன். நானா மெஷினைக் காட்ட மறுத்துவிட்டார்.

"இப்ப பார்க்காதீங்க தங்கச்சி. காலையில ஓடினது, சூட்டில நிக்குது. சூட்டில எந்தப் பழசும் டக்கெண்டு ஸ்டார்ட் எடுக்கும். நாளைக்குக் காலையில வாங்க. நீங்க வந்தாப் பிறகுதான் சாவி போடுவன்."

மறுநாள் போனோம். பெக்கோ இருமி, கரும்புகை கக்கி, ஒருவாறு உயிர்பெற்றது. அவர் பின்பக்கத்து இரண்டு இரும்புக் கால்களையும் இறக்கி, பின் டயர்ச் சில்லுகள் நிலத்தில் முட்டாதபடி மெஷினை உயர்த்திவிட்டு எஞ்சினை நிறுத்தினார். "வாங்க, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஒரு பக்கத்துச் சில்லு நிலத்தைத் தொட்டிருந்தது.

"பார்த்தீங்களா, இந்தக் கால் தானா உள்வாங்குது. உள்ளுக்க எண்ணெயைத் தாங்கிற சீல் தேஞ்சு போச்சு. வாங்கினா முதல் வேலையா இதை மாத்துங்க."

"ஏன் நானா விக்கிறீங்கள்?" என்று கேட்டேன். "முதுகு ஏலாது தங்கச்சி" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது தம்பி சொன்னான்: "விக்கிற ஆள் தன்ர சாமான்ர குறையைச் சொல்லுமோ அக்கா? சின்னதைக் காட்டிப் பெரிசை மறைக்கிறார்." அவனை ஏசினேன். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் இருந்துவிட்டது. மெஷினை வாங்கிக் கொஞ்ச நாளிலேயே அதன் பம்ப் பழுதாக, அந்தச் சொல்தான் என் வாயில் வந்தது. போன் எடுத்து, "எங்களை ஏமாத்திப்போட்டீங்கள்" என்று கத்தினேன்.

அடுத்த நாளே வந்தார். பசளைப் பை ஒன்றில் ஸ்பானர் சாவிகளைக் கட்டிக்கொண்டு வந்து, பெக்கோவுக்கு அடியில் படுத்தார். எழும்பிக் கையைத் துடைத்தபடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இது நான் சொன்ன குறை இல்ல. எனக்கே தெரியாத குறை. ஆனா தெரியாததையும் நான்தானே வித்தனான்."

அன்றைக்குப் பிறகு தம்பி அவரைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை. நானோ அந்த வார்த்தையை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டேன். மன்னாரில் வேறு மெக்கானிக்குகள் இல்லாமலா? மெஷினில் ஒரு சத்தம் மாறினாலும் அவரைத்தான் கூப்பிட்டேன். அவரும் ஒருநாளும் ஏலாது என்றதில்லை.

கடைசியாகக் கூப்பிட்டது இந்த மாரியில். வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது எண்ணெய் ஹோஸ் வெடித்து, பெக்கோவின் கை வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. வெள்ளம் மறித்துப் பக்கத்து வயல்களுக்குள் ஏறியது. வயல்காரர் வரம்பில் நின்று ஏசினார்கள். "நானா, இப்பவே வாங்கோ" என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. போன் அறுந்துவிட்டதாக நினைத்து, "கேக்குதோ?" என்று கத்தினேன். "கேக்குது தங்கச்சி. வாறன்" என்றார்.

இரண்டு பஸ் மாறி வந்தார். வேலை நடுவில் வரம்பில் குந்தி இருந்துவிட்டார், தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டு நெஞ்சைத் தடவினார். மழைக்குளிரிலும் முகம் வேர்த்திருந்தது. அதைக் கண்டேன். கண்டும், வெள்ளம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றே திரும்பிப் பார்த்தேன். கை மேலே எழும்பி வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் ஆரவாரித்தார்கள். சாப்பிடச் சொன்னேன். "வேண்டாம், பஸ் போயிரும்" என்று போனார். அந்தக் கிழமை முடியவில்லை, மகளின் போன் வந்தது.

சிலாவத்துறைக்குப் போனேன். அவர் மனைவி இத்தாவில், கணவனை இழந்தவள் இருக்கும் துக்கக் காலத்தில், உள்ளறையில் இருந்தார். மகள்தான் கதிரை போட்டு இருத்தினாள்.

"மழைக்குள்ள கூப்பிட்டது நீங்களாக்கா?"

"ஓம்."

"வாப்பாக்கு நெஞ்சு வருத்தம். டொக்டர் பாரம் தூக்கவும் விடேல்ல. அதாலதான் மெஷினையே வித்தவர். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. முதுகு ஏலாதெண்டுதான் சொன்னவர்."

"நீங்க கேக்கேல்லையா?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அதைக் குடித்து முடிப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

போன் எடுத்த ஒவ்வொரு முறையும் அவர் முதலில் கேட்டது, "சுகமா இருக்கிறீங்களா தங்கச்சி?" என்றுதான். "ஓம்" என்றுவிட்டு உடனே மெஷினுக்குத் தாவிவிடுவேன். "நீங்கள் எப்பிடி நானா?" என்று ஒருநாள் திருப்பிக் கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பாரோ தெரியாது. பெக்கோவின் குறைகளை ஒளிக்காத மனிதர் தன் குறையை ஒளித்தார் என்று சொல்லித் தப்பவும் எனக்கு மனமில்லை.

போன கிழமை பெக்கோவில் வெல்டிங் ஒட்டுவேலைக்கு ஒருவரைக் கூப்பிட்டேன். "சுகமா இருக்கிறீங்களோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார், குரல் சரியில்லை. "இல்லை, உண்மையாச் சொல்லுங்கோ" என்றேன். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றார். சுகமானபின் வரச்சொன்னேன். பெக்கோ சும்மா நின்றது; தம்பி முணுமுணுத்தான். சலீம் நானாவிடம் கேட்காமல் விட்டதை இப்படி மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான். அவருக்கு இது போய்ச் சேராது என்பதும் எனக்குத் தெரியும்.