முக்காலி மேல் வைத்த குழவி

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண்களில் என்னை யாரும் அசைக்க முடியாது. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் தகடு வெட்டுகிற பிரஸ் மிஷின் முன்னால் நின்று, விழுகிற பீஸை எண்ணி எண்ணிப் பெட்டியில் போட்டவள். என் மகள் விமானம் ஓட்டுகிறாள். மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் இது தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க நான் விட்டதில்லை. "இருநூறு உசிரு என் பொண்ணு கையில கீது" என்று ரேஷன் கடை வரிசையில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்குச் சோதனை உண்டு. வேறு ஊரில், தரையிலேயே நிற்கிற விமான அறை ஒன்றில் உட்காரவைத்து, ஏதேதோ கெட்டுப்போனதாக வைத்துக்கொண்டு இறக்கச் சொல்வார்களாம். போன வருஷம் அந்தச் சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது லீவில் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய காகிதப் படத்தை ஒட்டினாள். விமானத்தின் முன்பக்கம், ஓட்டுகிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே, அத்தனை வட்டமும் பொத்தானுமாக இருந்தது. அதற்கு எதிரே பிளாஸ்டிக் சேர். சேருக்கு வலப்பக்கம் முக்காலி. முக்காலி மேல், இஞ்சி தட்டுகிற என் குழவியை நிறுத்திவைத்து அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது கூத்து?"

"இதான்மா பிடி. இத சாய்ச்சாதான் ப்ளேன் சாயும்."

"தினம் ஓட்டறவளுக்கு எதுக்குடி ஒத்திகை?"

அப்போதுதான் சொன்னாள். ஏறும்போது இரண்டு மூன்று நிமிஷம், இறங்கும்போது இரண்டு மூன்று நிமிஷம், அவ்வளவுதான் அவள் கை. மீதி வழியெல்லாம் மிஷினே ஓட்டுகிறது. இறங்கும்போதும் திரையில் கோடு வந்து வழிகாட்டும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். சோதனையில் மிஷினையும் அணைத்து, அந்தக் கோட்டையும் அணைத்துவிடுவார்கள்.

"கோடு இல்லன்னா கண்ணு எங்க போறதுன்னு தெரியாம முழிக்குதும்மா. கண்ணு சரியா சுத்துனா கை தானா வரும். நீ எனக்கு உயரம் சொல்லு."

ஒரு தாளில் ஆயிரம் அடி தொடங்கி ஒவ்வொரு நூறாகக் குறைத்து எழுதித் தந்தாள். மனசுக்குள் எட்டு எண்ணி ஒரு நூறு சொல்ல வேண்டும். எண்ணச் சொல்லியா தர வேண்டும் எனக்கு? "ஆயிரம்" என்பேன். அவள் கண் படத்தில் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று தொட்டுத் தொட்டுத் திரும்பும். உதடு முணுமுணுக்கும். குழவியைப் பிடித்த விரல் மயிரிழைதான் அசையும். "நூறு" என்னும்போது அவள் கழுத்தில் வேர்வை நிற்கும். இரண்டு நாள் அப்படி இறக்கினோம். அந்த இரண்டு நாளும் என் மகளை நான்தான் தரையில் இறக்குகிறேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

மூன்றாம் நாள் எதிர் வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தாள். சேரையும் குழவியையும் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னாக்கா, ஏரோப்ளேன் ஊட்டுக்கே வந்துடுச்சா? டிக்கெட்டு உன்கிட்டதானா?"

நான் சிரித்துச் சமாளித்திருப்பேன். மகள் உள்ளதைச் சொன்னாள். "மிஷினே ஓட்டி ஓட்டி கை மறந்துடுது ஆன்ட்டி. அதான்."

"அடிப்பாவி! அப்போ சும்மா குந்திகினு வரதுக்கா உங்கம்மா தெருவெல்லாம் தண்டோரா போடுது?"

அவள் கறிவேப்பிலையோடு சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் முகம் எரிந்தது.

"நான் ஊரெல்லாம் பெருமையா சொல்லிகினு கீறேன், நீ கை மறந்துடுச்சுன்றே. இனிமே இதெல்லாம் வாய தொறந்து சொல்லாத. குடு என் குழவிய, இஞ்சி தட்டணும்."

அன்றைக்கு வீட்டில் இஞ்சியே இல்லை. அவள் குழவியைத் தந்தாள். படத்தை உரித்துச் சுருட்டி வைத்தாள்.

சோதனை முடிந்து திரும்பியபோது கேட்டேன். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

அது போதும் எனக்கு. கேசரி கிண்டித் தெருவில் பத்து வீட்டுக்குக் கொடுத்தேன். எதிர் வீட்டுக்குக் கொஞ்சம் கூடவே. மகள் மட்டும் தொடவில்லை, வயிறு சரியில்லை என்றாள். பிறகு இரண்டு வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். லீவு மிச்சம் இருக்கிறது என்றாள். நம்பினேன்.

அப்புறம் ஒருநாள் காலை அவளைக் கூட்டிப்போக அவளோடு வேலை செய்கிற பெண் காரில் வந்தாள். காபி குடித்துக்கொண்டே என்னைத் தேற்றுகிறவள் மாதிரி, "கவலப்படாதீங்க ஆன்ட்டி, இந்த வாட்டி கண்டிப்பா பாஸ் பண்ணிடுவா" என்றாள். மகள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் செருப்பு மாட்டப் போனதும் கேட்டேன். "ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"நீதானம்மா சொல்லாதன்னே."

"வெளியிலதானே சொல்லாதன்னேன்!"

அவள் பையை எடுத்துக்கொண்டாள். அந்த முறை தேறிவிட்டாள், மறுபடி விமானத்தில் ஏறிவிட்டாள். முதல் முறையே நான் கூட இருந்து எண்ணியிருந்தால் தேறியிருப்பாள் என்று சொல்ல மாட்டேன். அந்த வேலை எனக்குத் தெரியாது. தேறாமல் வந்தவள் அதைச் சொல்லி அழ என்னிடம் வந்திருப்பாள், அது மட்டும் தெரியும்.

போன மாதம் அடுத்த சோதனைக்கு முன் வந்தாள். அவள் குளிக்கப் போயிருக்கும்போது சேரைப் போட்டேன். முக்காலியை வலப்பக்கம் வைத்து, குழவியைக் கழுவித் துடைத்து அதன் மேல் நிறுத்தினேன். தாள் தேவையில்லை, உயரமெல்லாம் மனப்பாடம். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள். குழவியை எடுத்துப் போய் உரலில் வைத்தாள்.

"ஃப்ரெண்டு ரூம்ல சேர்ந்து பாத்துக்கிறோம்மா. நீ ஏன் கஷ்டப்படுற?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

கார் வந்தது, ஏறிப் போனாள். எதிர் வீட்டுக்காரி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இன்னாக்கா, ப்ளேன் ஓட்ட கெளம்பிடுச்சா?"

"இல்ல. சோதனைக்குப் போவுது. போன வாட்டி மொதல்ல ஃபெயில் ஆயிடுச்சு. மிஷினு ஓட்டி ஓட்டி கை மறந்துடுதாம். பழகிகினே இருக்கணும்."

"அப்படியா? பாவம், நல்லபடியா வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் பெருக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வந்ததைக் கேட்க வேண்டியவள் அதற்குள் பைபாஸ் தாண்டியிருப்பாள்.