மாலைவரை மணந்த சவர்க்காரம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் நிலையாகத் தரித்ததில்லை. ஹட்டனில் சாப்பாட்டுக் கடை, கொழும்பில் மூட்டை தூக்குதல், பிறகு தெற்கே கடலோரத்தில் புல்லெண்ணெய் காய்ச்சும் கொட்டில். எலுமிச்சைபோல மணக்கும் அந்த எண்ணெயைச் சிங்களத்தில் பெங்கிரி தெல் என்பார்கள். அங்கே காய்ச்சலில் படுத்தேன். எழுந்தபோது வேலை இல்லை. இரண்டு போத்தல் எண்ணெயைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். றொசல்லையில் ரயிலை விட்டிறங்கி, மலைமேல் அக்கா இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஏறினேன்.

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் அத்தான் நின்றார். "மச்சான் போத்தலோட வாறாருன்னு ஓடியாந்தேன். மோந்து பாத்தா கொசு மருந்து!" என்றார்.

அக்காவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சல்லடை அறையில் உட்கார்ந்து, காய்ந்த தூளிலிருந்து குச்சியையும் நாரையும் பொறுக்க வேண்டும். அந்த அறை எப்போதும் சூடாக, ஈரமில்லாமல் இருக்கும். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. முன்பெல்லாம் மலையில் கொழுந்து பறிக்கும்போது மழையில் நனைந்தால், விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் மூச்சு விடுவாள். ஸ்டோருக்குப் போன பிறகு மழைக்காலங்கள் இழுப்பில்லாமல் கழிந்தன. எது போனாலும் அந்த இடம் போகக்கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கொழும்பில் ஒரு வீட்டின் பின்கட்டில் சவர்க்காரம் கிண்டுவதைப் பார்த்திருந்தேன். தேங்காயெண்ணெயில் காஸ்டிக் சோடாத் தண்ணீரை ஊற்றிக் கிண்டினால் கூழாகும். அதைத் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த அச்சில் ஊற்றி, சில வாரம் காயவிட வேண்டும். அது கைவந்துவிட்டது. மணம்தான் கைவரவில்லை.

புல்லெண்ணெய் முந்திக்கொண்டு வரும், முந்திக்கொண்டு போயும்விடும். கூழ் சூடாயிருக்கும்போது விட்டால் ஆவியோடு காணாமல் போகும். ஆறவிட்டு ஊற்றினாலும், குளித்துத் தலை துவட்டுவதற்குள் தீர்ந்துவிடும். ஹட்டன் கடைவீதியில் கராம்புத் தைலம் வாங்கி வந்து சேர்த்தேன். அது நிற்கும். ஆனால் கொஞ்சம் கூடினால் கூழ் சட்டியிலேயே கல்லாக இறுகிவிடும். ஒருமுறை அத்தான் அதைக் கத்தியால் கொத்தி எடுத்தார். "இதால முதுகு தேச்சா தோலு வேற, ஆளு வேற ஆயிடும் மச்சான்" என்றார்.

பிறகு கராம்பைக் குறைத்து, கறுவாப்பட்டை மரத்தின் இலைத் தைலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். வெட்டிவேரை எண்ணெயில் ஊறவைத்து அடியில் கலந்தேன். பலகைச் சிலாம்பில் கலவையைத் தொட்டுவைத்து, காலையிலும் மத்தியானத்திலும் அந்தியிலும் முகர்ந்து பார்ப்பேன். மூக்கு மரத்துப்போனால் வெளியே போய்ப் பனியில் நின்றுவிட்டு வருவேன். எதிலும் பொறுமையில்லாத எனக்கு இதில் மட்டும் பொறுமை எங்கிருந்து வந்ததோ தெரியாது. கடைசியில் புல்லெண்ணெய் வழிகாட்ட, கராம்பும் கறுவாவும் நடுவில் நிற்க, வெட்டிவேர் அடியில் தங்கியது.

அந்தக் கட்டியில் முதலில் குளித்தது அக்கா. அன்று மாலை ஸ்டோரிலிருந்து வந்ததும் என் மூக்குக்கு நேரே கையை நீட்டினாள்.

"பாரு தம்பி, இன்னும் மணக்குது!"

அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்து முகர்ந்தார்கள். "அடியே, மாப்பிள்ள பாக்கவா வந்தாங்க ஒன்னய?" என்று கேலி செய்தார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை அதற்குப் பிறகு எந்த வேலையிலும் வந்ததில்லை.

ஸ்டோர் வாசலில் ஒரு வரிசை ஆணி அடித்திருக்கும். பெண்கள் தலைப்பூவை எடுத்து அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். பூ என்றால் ஆணியில் மாட்ட வேண்டும். சவர்க்காரம் என்றால் அழுக்குப் போக்குவது. கடையில் வாங்கும் பார் சவர்க்காரத்துக்குப் பெரிய வாசமும் கிடையாது. அதனால் பூவோடு அதையும் சேர்த்து நினைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சில நாளில், ஸ்டோரை நடத்தும் டீ மேக்கர் தேயிலைச் சாயத்தை ருசி பார்க்கும்போது ஏதோ வேற்று வாசம் தட்டியிருக்கிறது. நடந்ததை அக்காவே அன்று மாலை நடித்துக் காட்டினாள்.

"'யாரு பூ வச்சிருக்கா?'ன்னு கத்துனாரு. எல்லாப் பூவும் ஆணியில தொங்குது. அப்புறம் ஒவ்வொருத்தி கையா மோந்துக்கிட்டே வந்தாரு. எங்கிட்ட வந்ததும் நின்னுட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. அவளை மறுநாளிலிருந்து மலையில் புல்லு வெட்டும் கூட்டத்தில் போட்டிருந்தார்கள்.

மணமே சேர்க்காத கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு டீ மேக்கரிடம் போனேன். முகர்ந்து பார்த்தார், கெட்டவரில்லை. "இத மொதல்லயே குடுத்திருக்கலாமே தம்பி. அந்த எடத்துக்கு வேற ஆளு வந்திருச்சு. தொர கையெழுத்தும் வச்சிட்டாரு" என்றார். கட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

தென்மேற்கு மழை பிடித்தது. அக்கா இடுப்பில் படங்குச் சாக்கும் தலையில் கம்பளியுமாக மலைக்குப் போனாள். இரண்டாம் வாரமே இழுப்பு திரும்பிவிட்டது. தைலமரத்து எண்ணெய் நெஞ்சைத் திறக்கும் என்பார்கள். மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு அதையே அதிகம் விட்டு ஒரு கட்டி செய்து கொடுத்தேன்.

"ஐயோ, டிஸ்பென்சரி பெஞ்சுல ஒக்காந்த மாதிரி இருக்குடா!" என்று மூக்கைச் சுளித்தாள். "பழசையே போடு. புல்லுல வாசம் புடிச்சா எந்த டீ மேக்கரு கேக்கப் போறாரு?"

எனக்கு அந்தப் போத்தல்களைத் தொடவே மனமில்லை. ஆனாலும் அவள் கேட்டாளே என்று போட்டேன். அளவு தவறவில்லை, கூழ் இறுகவில்லை.

அது காய்ந்ததும் ஒருநாள் விடிகாலையில் பீலியில் கொட்டும் தண்ணீரில் குளித்துவிட்டு மலைக்குப் போனாள். அந்தியில் சொட்டச் சொட்ட நனைந்து வந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் முதுகை நீவிவிட்டேன். பிறகு கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாரு தம்பி..." என்றாள். மூச்சை இழுத்து நிறுத்தினாள். "இன்னும்..." மறுபடி இழுத்தாள். "மணக்குது."