விரதத்தில் தலையணை

காலை ஆறேகால். அக்கா வீட்டுக்குள் நான் நுழைந்ததும் கண்ணில் பட்டவர் அத்தான்தான். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மர நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

"மூச்ச அடக்காதீங்க" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

"நான் என்ன கடல்ல முங்கவா போறேன்?"

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அத்தான் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு வேன் ஓட்டினார். ஃபெர்ரி வரிசையில் ஸ்டியரிங் மேல் சாய்ந்து தூங்கிவிடுவார். பின்னால் ஹாரன் அடித்தால்தான் விழிப்பார். அவருடைய குறட்டையை நாங்கள் நல்ல தூக்கம் என்றே எடுத்துக்கொண்டோம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இரத்த அழுத்தம் ஏற அதுவும் ஒரு காரணம் என்றார் டாக்டர். மாத்திரையை விடக் கூடாது. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வேண்டும். தினமும் நடை, வீட்டில் இந்த நாற்காலிப் பயிற்சி. அழுத்தம் இறங்காவிட்டால் வேன் ஓட்ட முடியாது. மூச்சு நிற்காமல் இருக்க, தூங்கும்போது மூக்கில் மாட்டும் கருவி ஒன்று உண்டாம். அதை வாங்க எங்களால் முடியவில்லை.

அத்தான் சொன்னபடி செய்தார். மழை நாளில் கடைகளின் முன்னால் கூரையுள்ள அஞ்சடி நடைபாதையிலேயே நடந்தார். அவர் மல்லாந்தால் அக்கா முழங்கையால் இடித்துத் திருப்பிவிடுவாள். சில மாதங்களில் எடை குறைந்தது, அழுத்தமும் இறங்கியது. வேன் அவர் கையிலேயே இருந்தது.

அதற்கு நன்றியாகக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். தைப்பூச விரதம் தொடங்கியதும் படுக்கை முன்னறைக்கு மாறியது. வெறுந்தரை, தலையணை கிடையாது. அக்கா உள்ளறையில் படுத்தாள்.

"ஒன்னாவது வச்சுக்குங்க. முருகன் வந்து எட்டிப் பாக்கவா போறாரு?"

"தலையணை வச்சுக்கிட்டு விரதமா? கேக்கிறவன் சிரிப்பான்லா."

"டாக்டர் சொன்னாரே."

"நாற்காலிய விட்டேனா? மாத்திரைய விட்டேனா? இப்ப ப்ரெஷர் நல்லாத்தானே இருக்கு."

அக்கா உள்ளறைக்குப் போய்விட்டாள். விரத காலத்தில் வீட்டில் வாக்குவாதம் கூடாது என்பது அவள் பழக்கம்.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம், விடிந்ததும் அக்கா போன் செய்தாள். நான் போனபோது அத்தான் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தார். உதடுகள் நீலம். பக்கத்தில் நாற்காலி, காலைப் பயிற்சிக்காகச் சுவரை ஒட்டிப் போட்டபடி.

"கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, தம்பி" என்றாள் அக்கா. "இன்னிக்கு நல்லா தூங்குறாருன்னு நெனச்சேன்."

அவரைப் போர்த்த வேட்டி எடுக்க உள்ளறைக்குப் போனேன். கட்டிலில் அவர் பக்கம் இரண்டு தலையணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.