கொடி ஏறாத பூ

யுத்த பயத்தில் காலியான எங்கள் மயிலாப்பூர்த் தெரு மறுபடி நிறைந்த வருஷம். எதிர் வீட்டுக்குக் குடிவந்த கத்தோலிக்க டீச்சர், செய்தித்தாளில் மடித்த கிழங்குகளை என்னிடம் நீட்டினார்.

"கிளாடியோலஸ்மா. கண்காட்சியில வைக்கிற பெரிய பூ இல்ல, காட்டு ஜாதி. மேல சிவப்பு, அடியில மஞ்சள். நம்ம வெயிலத் தாங்கும்னு ஊட்டியில இருக்கற அண்ணன் குடுத்தார். பாதி உங்களுக்கு."

கிணற்றடியில் நட்டேன். மறுநாள் மத்தியானம் என் ஒரு வயது மகன் ஒன்றைத் தோண்டிக் கடித்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்துப் பாட்டனி நோட்டு என்னிடம் இருந்தது. சிவப்பும் மஞ்சளும், கிழங்கு விஷம், குளோரியோசா. என் கையெழுத்துதான். இரண்டு பெயரும் என் காதில் ஒன்றாகிவிட்டன. பக்கத்தில் நானே வரைந்த படத்தைப் பார்க்கவில்லை.

உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைத்தேன். அது சரியா என்று இன்றும் தெரியவில்லை. மீதிக் கிழங்குகளைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, குழந்தையோடும் நோட்டோடும் தெருவைக் கடந்தேன். வராந்தாவில் ஆறு பெண்கள் டீச்சரிடம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குழந்தை இருக்கற ஆத்துக்கு விஷக் கிழங்கைக் குடுத்திருக்கேளே டீச்சர். மனசாட்சி வேண்டாமா?"

டீச்சர் முதலில் குழந்தையின் நாக்கைப் பார்த்தார். பிறகு நோட்டை வாங்கினார்.

"இந்த குளோரியோசா நம்ம காந்தள்மா. நீங்களே வரைஞ்சிருக்கீங்க, இலை நுனி சுருண்டு வேலியைப் பிடிச்சிருக்கு. இது ஏறும். நான் குடுத்தது கத்தி மாதிரி நிமிர்ந்து நிக்கும்."

ஒரு பெண் சிரித்தாள். "சிரிக்காதடி" என்றார் டீச்சர். அதுதான் தாங்கவில்லை.

"மீதி எங்கம்மா?"

"அடுப்புல போட்டுட்டேன்."

அவர் நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. குழந்தை அழறான் என்று சொல்லித் திரும்பினேன். அவன் அழவில்லை.

அவர் நட்டவை எங்கள் வாசலுக்கு நேரே வரிசையாக நிமிர்ந்து பூத்தன. கோலம் போடும்போது தலையே தூக்கமாட்டேன். டீச்சர் வெளியே வந்தால் உள்ளே போய்விடுவேன்.

தை மாதம் எங்கள் கிணற்றடியிலும் ஒன்று பூத்தது. நான் பிடுங்காமல் விட்ட கிழங்கு போலிருக்கிறது. இரண்டு நாள் யோசித்து, தண்டோடு அறுத்துக்கொண்டு போனேன். சொல்லவேண்டிய வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டேதான் தெருவைக் கடந்தேன்.

டீச்சர் பூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஏறிச்சாம்மா?"

"இல்ல டீச்சர். நின்னுது."

நான் தயார் செய்துகொண்டு போன வாக்கியம் அதுவல்ல.